டிக்சன் வாட்டர் படத்துல லிவர் உச்சி கறுப்பா வருது, மறுபடி எடுத்தாலும் அதே இடம்... யாராச்சும் சொல்லுங்க

பள்ளத்தூர்ப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடி பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர்ல ரேடியோகிராபரா சேந்து ஒன்றரை வருசம் ஆச்சு, எம்.ஆர்.ஐ மெஷின், காந்த பலம் 1.5 டெஸ்லா. ராத்திரி ஷிஃப்ட்ல நான் மட்டும்தான் இருப்பேன், கேக்க ஆள் கிடையாது, அதான் இங்க கேக்குறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

நேத்து தேவகோட்டைலேருந்து ஒரு ஆச்சி வந்தாங்க, வயசு 70க்கு மேல, லிவருக்கு கான்ட்ராஸ்ட் போட்டு எடுக்கணும்னு சீட்டு. பாவம் ரொம்ப பயந்துட்டாங்க, மூச்சப் பிடிங்க ஆச்சின்னு சொன்னா பத்து செகண்ட் பிடிப்பாங்க அப்பறம் விட்டுருவாங்க, நாலஞ்சு வாட்டி பழக்கிட்டுதான் ஆரம்பிச்சேன். 3டி கிரேடியன்ட் எக்கோ, டிக்சன் வச்சது (தண்ணி சிக்னலயும் கொழுப்பு சிக்னலயும் தனித்தனியா பிரிக்கிற முறை), ஒரு மூச்சுக்கு 18 செகண்ட். அது நாலு படம் குடுக்கும்ல, இன் ஃபேஸ், அவுட் ஃபேஸ், வாட்டர், ஃபேட். அதுல வாட்டர் படத்துல லிவர் முழுக்க நல்லா வெளிச்சமா இருக்கு, ஆனா உச்சில, நுரையீரலுக்கு ஒட்டுன மாதிரி ஒரு துண்டு மட்டும் கறுப்பு. ஃபேட் படத்தத் தெறந்தா அதே துண்டு அங்க பளிச்சுனு உக்காந்திருக்கு. கத்திரிக்கோல் வச்சு வெட்டி அந்தப் படத்துல ஒட்டுன மாதிரி, ஓரம் அவ்ளோ சுத்தம்.

மறுபடி எடுத்தேன். அதே இடம், கிட்டத்தட்ட அதே வடிவம். எங்க சென்டர்ல வழக்கமா வாட்டர் படம் மட்டும்தான் ரிப்போர்ட்டுக்கு மதுரைக்கு அனுப்புவோம், அப்படித்தான் எனக்கு சொல்லிக் குடுத்தாங்க. அங்க பாக்குற டாக்டர் இன்னைக்கு வெள்ளன போன் போட்டு, என்னம்மா இது, லிவர்ல கொழுப்புக் கட்டியா இல்ல உங்க மெஷின் கோளாறா, தெளிவா சொல்லுங்க இல்லேன்னா பேஷன்ட்ட திரும்பக் கூப்பிடுங்கன்னுட்டாங்க.

என் கேள்வி இதுதான். இது ஏன் வருது? மறுபடி எடுத்தும் ஏன் அதே இடத்துல வருது? அந்த ஆச்சிய திரும்ப வரச்சொல்லித்தான் ஆகணுமா? வந்தா இன்னொரு வாட்டி ஊசி, இன்னொரு வாட்டி அந்தக் குழாய்க்குள்ள. அவங்க போகும்போது என் கையப் பிடிச்சு "இனிமே வேணாம்டி ஆத்தா"ன்னு சொல்லிட்டுப் போனாங்க, அதுதான் மனசுலயே நிக்கிது.

இன்னொன்னு, டிக்சனுக்குப் பதிலா, கொழுப்ப மட்டும் அமுக்குற சாதா ஃபேட் சாட் போட்டா இந்தப் பிரச்சன இருக்காதுல்ல? அத ஏன் விட்டாங்க?

---

கண்மாய்க்கரை:

தங்கச்சி, மொதல்ல ஒன்னு, மெஷின் கெட்டுப்போகல, நீங்களும் தப்பு பண்ணல. இதுக்கு ஃபேட் வாட்டர் ஸ்வாப்னு பேரு. நான் 14 வருசமா இதே வேலை, திருப்பத்தூர், காரைக்குடி, மதுரைன்னு மாறி மாறி, எந்தக் கம்பெனி மெஷினா இருந்தாலும் இத பாத்திருக்கேன். ஒருத்தர் லாவா ஃப்ளெக்ஸ்ம்பாங்க, ஒருத்தர் எம்-டிக்சன்ம்பாங்க, ஒருத்தர் வைப் டிக்சன்ம்பாங்க, பேருதான் வேற, உள்ள நடக்குற கணக்கு ஒரே குடும்பம்.

கறுப்பான துண்டுல சிக்னல் காணாமப் போகல பாத்தீங்களா, ஃபேட் படத்துக்கு முழுசா எடம் மாறிப் போயிருக்கு. மெஷின் எடுத்த டேட்டா சரி. எது தண்ணி எது கொழுப்புன்னு கம்ப்யூட்டர் பேரு ஒட்டுச்சே, அதுல அந்த எடத்துல மட்டும் தப்பா ஒட்டிருச்சு. அதுக்கு மேல ஏன் எதுக்குன்னு படிச்சவங்க வந்து சொல்லட்டும், நான் டேபிள் பக்கத்துல நின்னு பாக்க வேண்டியத சொல்றேன்.

ஷிம் பாக்ஸ், அதான் எந்த எடத்துல காந்தப்புலத்தச் சீராக்கணும்னு மெஷினுக்குக் காட்டுற பெட்டி, எங்க வச்சீங்க? நெறைய பேர் பிளான் பண்ற பெட்டி அளவுக்கே ஷிம் பெட்டியயும் விட்டுருவாங்க, அதுல பாதி நுரையீரல் காத்தும், உடம்புக்கு வெளிய இருக்குற காத்தும் வந்துரும். காத்துல சிக்னலே இல்ல, அத வச்சு மெஷின் என்னத்த சரி பண்ணும்? பெட்டிய லிவர் மேல இறுக்கமா வைங்க. அடுத்து, ஷிம் எடுக்கும்போது ஆச்சி சும்மா மூச்சு விட்டுக்கிட்டு இருந்திருப்பாங்க, ஸ்கேன்ல மூச்ச இழுத்துப் பிடிச்சிருப்பாங்க. அதுல லிவர் விரக்கடை கணக்குல கீழ எறங்கிரும், ஷிம் பண்ணுன எடத்துல இப்ப நுரையீரல் நிக்கும். அதனால மூச்ச வெளிய விட்டுட்டுப் பிடிக்கச் சொல்லுங்க, வயசானவங்களுக்கு அது கஷ்டம்தான், ஆனா ஒவ்வொரு தடவையும் லிவர் ஒரே எடத்துல நிக்கும். 18 செகண்ட முடிஞ்சா 13, 14க்கு கொண்டு வாங்க, ஸ்லைஸ் கொஞ்சம் தடிமன் ஆனாலும் பரவால்ல. கை ரெண்டையும் தலைக்கு மேல தூக்க வைக்க முடிஞ்சா வைங்க, முடியலேன்னா உடம்புக்கும் கைக்கும் நடுவுல எடைவெளி விடாம துணிய மடிச்சு வைங்க, கை மட்டும் தனித் தீவா நின்னா அதுவும் ஸ்வாப் ஆகும்.

அப்பறம் இரும்பு. இது சொல்லியே ஆகணும். நாலு வருசத்துக்கு முன்னாடி ஒரு பெரியவருக்கு இடுப்பு எடுத்தேன், எடது பக்கம் பூரா வாட்டரும் ஃபேட்டும் தலைகீழா வந்துச்சு, நடுவுல ஒரு கரும்பொத்தல் வேற. மூணு வாட்டி எடுத்துட்டு உள்ள போயி பாத்தா, கவுனுக்கு அடில அரைஞாண் கொடி, அதுல தாயத்து. நான் உள்ள விடும்போது "உடம்புல இரும்பு, நகை ஏதும் இருக்கா அப்பு"ன்னு கேட்டேன், இல்லன்னுட்டாரு. அவருக்கு அரைஞாண் நகையே கிடையாது, பொறந்ததுலேருந்து உடம்போட இருக்குறது. வெள்ளிக் கொடியால பெருசா ஒன்னும் ஆகாது, தாயத்துக் குப்பிக்குள்ள ஒரு சின்ன இரும்புத் துண்டு இருந்திருக்கு. அது படத்த மட்டும் கெடுத்ததோட போச்சு, நல்ல நேரம். அன்னைலேருந்து பொதுவா கேக்குறத விட்டுட்டேன். அரைஞாண் இருக்கா, தாயத்து இருக்கா, ஊக்கு இருக்கா, கொண்டை ஊசி இருக்கா, மெட்டி இருக்கா, பல்செட் இருக்கா, ஆபரேஷன்ல ஏதும் வச்சிருக்காங்களான்னு ஒன்னொன்னா பேரு சொல்லிக் கேக்குறேன். நம்ம ஊர்ல அப்படிக் கேட்டாதான் பதில் வரும்.

ஆச்சிய கூப்பிட வேணாம்னுதான் எனக்குப் படுது. நாலு படத்தையும் அனுப்புங்க, டாக்டரே சொல்லிருவாங்க.

---

மூக்குக்கண்ணாடி வாத்தியார்:

நான் ஆஸ்பத்திரிக்காரன் இல்லம்மா, காலேஜ்ல கெமிஸ்ட்ரி நடத்தி ரிட்டயர் ஆனவன், என்.எம்.ஆர் ஸ்பெக்ட்ரம் வச்சு பிள்ளைகளுக்கு நிறைய வருசம் பாடம் எடுத்திருக்கேன். எம்.ஆர்.ஐ அதோட பெரிய தம்பி. நீங்க "ஏன்"னு கேட்டீங்க, அத மனசுல படம் வரையிற மாதிரி சொல்லிப் பாக்குறேன்.

நம்ம பக்கம் ஊருக்கு ஊரு ஊருணி இருக்கு. காலைல ரெண்டு பேரு ஒரே படித்துறைலேருந்து ஊருணியச் சுத்தி நடக்க ஆரம்பிக்கிறாங்கன்னு வச்சுக்கங்க. ஒருத்தர் கொஞ்சம் வெரசா நடப்பாரு, இன்னொருத்தர் அவரவிட ஒரு துளி மெதுவு. மொதல்ல ஒன்னாத்தான் போவாங்க. போகப் போக ஒரு நேரத்துல ஒருத்தர் இந்தக் கரைல இருப்பாரு, மத்தவர் நேர் எதிர்க்கரைல. இன்னும் அவ்ளோ நேரம் போனா வேகமா போறவர் ஒரு சுத்து கூட சுத்திட்டு வந்து மறுபடி இவரோட தோள் சேந்துருவாரு. வெரசா நடக்குறவர் தண்ணி, மெதுவா நடக்குறவர் கொழுப்பு.

ஏன் இந்த வேக வித்தியாசம்? தண்ணில ஹைட்ரஜன் ஆக்சிஜனோட ஒட்டிருக்கு, ஆக்சிஜன் எலக்ட்ரானத் தன் பக்கம் இழுத்துக்கும், அதனால அந்த ஹைட்ரஜனுக்கு மேல மறைப்பு கம்மி, காந்தப்புலம் நல்லா படும். கொழுப்புல பெரும்பாலான ஹைட்ரஜன் நீளமான கார்பன் சங்கிலில இருக்கு, அங்க மறைப்பு கொஞ்சம் அதிகம். ஸ்பெக்ட்ரத்துல தண்ணி 4.7 பக்கம் வரும், கொழுப்போட பெரிய சிகரம் 1.3 பக்கம் வரும், வித்தியாசம் சுமாரா 3.5 பி.பி.எம். அதாவது பத்து லட்சத்துல மூணரை பங்கு. பாக்க ஒன்னுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா உங்க 1.5 டெஸ்லால ஹைட்ரஜன் செகண்டுக்கு கிட்டத்தட்ட 6 கோடியே 39 லட்சம் சுத்து சுத்துது, அதுல மூணரை பங்குன்னா 220 ஹெர்ட்ஸ் பக்கம் வந்துரும். ஆக 4.5 மில்லி செகண்டுக்கு ஒருவாட்டி தண்ணியும் கொழுப்பும் தோள் சேரும், அதுல பாதி, 2.3 பக்கம், எதிரெதிர் கரை. உங்க ஸ்கேனோட டி.ஈ எண்ணப் பாருங்க, அதான் சிக்னல எடுக்குற நேரம், இந்த ரெண்டு எண்ண ஒட்டித்தான் இருக்கும். 3 டெஸ்லான்னா எல்லாம் பாதி நேரம். 0.35 டெஸ்லா ஓப்பன் மெஷின்ல எதிர்க்கரைக்கு வரவே கிட்டத்தட்ட 10 மில்லி செகண்ட் ஆகும்.

இந்த ரெண்டு நேரத்துலயும் ஒவ்வொரு போட்டோ எடுத்தா போதும்னு 1984ல டிக்சன்னு ஒருத்தர் எழுதுனாரு, அவர் பேர்தான் இது. தோள் சேந்தப்ப எடுத்தது, அதான் இன் ஃபேஸ், தண்ணி கூட்டல் கொழுப்பு. எதிர்க்கரைல எடுத்தது, அதான் அவுட் ஃபேஸ், தண்ணி கழித்தல் கொழுப்பு. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்குனா தண்ணி, கழிச்சுப் பாதியாக்குனா கொழுப்பு. மூணாங்கிளாஸ் கணக்கு. மொத படம் 100, ரெண்டாவது 60ன்னா தண்ணி 80, கொழுப்பு 20.

இப்ப சிக்கல் எங்க இருக்குன்னு பாருங்க. கொழுப்பு 80, தண்ணி 20ன்னு இருந்தாலும் மொத படம் 100தான், ரெண்டாவது கழித்தல் 60, அளவ மட்டும் பாத்தா அதுவும் 60தான்! ரெண்டாவது படத்துல இருக்குறது கூட்டல் குறியா கழித்தல் குறியான்னு தெரிஞ்சாதான் எது எதுன்னு சொல்ல முடியும். அந்தக் குறிய ஃபேஸ வச்சுத்தான், அதாவது சுத்துல எந்த எடத்துல நிக்கிறாங்கங்கிறத வச்சுத்தான் கண்டுபிடிக்கணும், ஃபேஸோ காந்தப்புலம் எடத்துக்கு எடம் லேசா மாறுனாலே மாறிப்போகும். ஊருணிக்கரை ஒரு பக்கம் சரிவா இருந்து, அங்க நடக்குற எல்லாரும் மெதுவாயிட்டா, மெதுவா நடக்குறவரப் பாத்து இவர் யாருன்னு எப்படிச் சொல்லுவீங்க? புலம் ஒரு எடத்துல 220 ஹெர்ட்ஸ் அளவு எறங்கிருச்சுன்னா அங்க இருக்குற தண்ணி அப்படியே கொழுப்பு மாதிரியே நடந்துக்கும். காத்துக்கும் தசைக்கும் காந்த குணம் வேற வேற, அந்த ரெண்டும் சந்திக்கிற ஓரத்துலதான் புலம் வளையும். உங்க லிவர் உச்சிக்கு மேல என்ன இருக்கு? நுரையீரல், உள்ள பூரா காத்து. மறுபடி எடுத்தும் அதே எடத்துல வந்ததுக்குக் காரணம் இதுதாம்மா, புலம் வளையிற எடம் மாறலையே.

1991ல க்ளோவரும் ஷ்னைடரும் மூணாவதா ஒரு எக்கோ, அதாவது இன்னொரு நேரத்துல இன்னொரு போட்டோ, சேத்து எடுத்தாங்க, அந்தப் புலத்தையே தெரியாத எண்ணா வச்சு கண்டுபிடிக்கிறதுக்கு. தெரியாதது மூணு, சமன்பாடு மூணு. நல்ல வழி, ஆனா நேரம் கூடும். ஒரு மூச்சுல முடிக்கணும்னா ரெண்டு எக்கோவோட நிப்பாட்ட வேண்டியிருக்கு, அதனால கம்ப்யூட்டர் ஒரு நம்பிக்கைல ஓடுது, புலம் பக்கத்துக்குப் பக்கம் மெதுவாத்தான் மாறும்னு. ஒரு புள்ளிலேருந்து ஆரம்பிச்சு பக்கத்து வாக்ஸல் (படத்தோட குட்டிக் கட்டம்), அதுக்குப் பக்கத்து வாக்ஸல்னு கையப் பிடிச்சுக்கிட்டுப் போகும். நடுவுல காத்து வந்து கை விட்டுப்போச்சுன்னா அந்தப் பக்கம் போயி திரும்பவும் ஊகிக்கணும். ஊகம் தப்புனா அந்தத் தீவு மொத்தமும் தப்பு. ஓரம் கத்திரிக்கோல்ல வெட்டுன மாதிரி இருக்குன்னீங்களே, அது அதனால.

பாடம் எடுக்குற பழக்கம், நீண்டுருச்சு. ஆனா இத ஒருவாட்டி மனசுல வாங்கிட்டா எந்த மெஷின்ல உக்காந்தாலும் உங்களுக்கு பயம் இருக்காது.

---

பள்ளத்தூர்ப்பொண்ணு:

வாத்தியாரே, கண்ணுல தண்ணி வந்துருச்சு, டிப்ளமோல மூணு வருசம் படிச்சும் இந்த 2.3ம் 4.5ம் எங்கேருந்து வந்துச்சுன்னு ஒருத்தரும் சொல்லல, மனப்பாடம் பண்ணித்தான் எழுதுனேன். கண்மாய்க்கரை அண்ணே, ஷிம் பெட்டி நீங்க சொன்ன மாதிரியேதான் இருந்திருக்கு, பழைய புரோட்டோக்கால் தெறந்து பாத்தேன், பாதி நுரையீரல்.

ஃபேட் சாட் பத்தி யாரும் சொல்லலையே? அப்பறம் கார்டியாக் சினி, அதான் இதயம் துடிக்கிறத வீடியோ மாதிரி எடுக்கும்போது, ட்ரூஃபிஸ்ப்ங்கிற ஸ்கேன்ல கொழுப்பு வெள்ளையா கண்ணக் கூசுது, அதுக்கு டிக்சன் மாதிரி ஒன்னு உண்டா? அது இன்னும் வேகமான ஸ்கேன் ஆச்சே.

---

ரஸ்தாக்காரன்:

தேவகோட்டை ரஸ்தா நம்ம ஊரு, இப்ப வெளியூர்ல எம்.ஆர் பிசிக்ஸ்ல வேலை. இந்தக் கேள்விய நம்ம ஊர்ப்பிள்ளை தமிழ்ல கேக்குறதப் பாத்து சந்தோசமா இருந்துச்சு, அதான் வேலைய வச்சுட்டு எழுதுறேன்.

ஃபேட் சாட் என்ன பண்ணுது, கொழுப்போட ஃப்ரீக்வென்சிக்கு மட்டும் ஒரு பல்ஸ் குடுத்து அத மொதல்லயே அடிச்சு ஒடுக்கிருது, அப்பறம் படம் எடுக்குது. புலம் சீரா இருந்தா அருமையா வேலை செய்யும். ஆனா வாத்தியார் சொன்ன அதே லிவர் உச்சில, கழுத்துல, கணுக்கால்ல, தோள்பட்டைய மையத்துலேருந்து தள்ளி வச்சு எடுக்கும்போது, புலம் நகந்திருக்கும்ல, அப்ப அந்த பல்ஸ் கொழுப்ப விட்டுட்டு தண்ணிய அடிச்சுரும். அடிச்ச தண்ணி போனது போனதுதான், திரும்ப எடுக்கவே முடியாது. டிக்சன்ல தப்பு நடந்தாலும் சிக்னல் பக்கத்துப் படத்துல பத்திரமா இருக்கு. நான் டிக்சன் பக்கம் நிக்கிறதுக்கு மொத காரணம் இதுதான். ரெண்டாவது, வேகமான ஸ்கேன்ல டி.ஆர், அதாவது ஒரு பல்ஸுக்கும் அடுத்த பல்ஸுக்கும் நடுவுல உள்ள நேரம், அஞ்சாறு மில்லி செகண்டுதான், ஃபேட் சாட் பல்ஸ் ஒன்னே அதவிட அதிக நேரம் எடுத்துக்கும், ஒவ்வொரு லைனுக்கும் போட முடியாது, பல லைனுக்கு ஒருவாட்டி போட்டா நடுவுல கொழுப்பு மெல்ல எழுந்திரிச்சு வந்துரும். கொழுப்ப அமுக்க ஸ்டிர்னு இன்னொரு முறை இருக்கேன்னு கேப்பீங்க. அது ஃப்ரீக்வென்சிய நம்புறதில்ல, கொழுப்போட டி-1ஐ, அதாவது பல்ஸுக்கு அப்பறம் பழைய நிலைக்குத் திரும்புற நேரத்த நம்புது, 1.5ல டி.ஐ, அதான் காத்திருக்குற நேரம், 160, 170 மில்லி செகண்ட் பக்கம் வச்சா கொழுப்பு சைபர் ஆகும், புலம் வளைஞ்சாலும் கவலையில்ல. ஆனா கான்ட்ராஸ்ட் போட்ட பிறகு ஸ்டிர் போடக்கூடாது, கான்ட்ராஸ்ட்ல இருக்குற காடோலினியம் ஏறுன எடத்துக்கும் டி-1 கொழுப்பு பக்கத்துக்கு எறங்கிருக்கும், அப்ப எந்தக் கட்டியத் தேடிப் போனோமோ அதையே அணைச்சுரும். ஸ்டிர் நேரமும் எடுக்கும், ஆச்சி மூச்சுக்குள்ள அடங்காது.

டிஃப்யூஷன் (தண்ணி மூலக்கூறு எவ்ளோ நகருதுன்னு பாக்குற ஸ்கேன்) எடுக்குறீங்கல்ல, அங்க மட்டும் கொழுப்ப அடிச்சே ஆகணும், வேற வழியில்ல. காரணம் இந்தக் கணக்குல இருக்கு. அதுக்கு ஓடுற ஈ.பி.ஐங்கிற ரொம்ப வேகமான முறைல எக்கோவுக்கு எக்கோ 0.7 மில்லி செகண்ட், 128 லைன்னு வச்சா, ஃபேஸ் திசைல ஒரு பிக்சலுக்கு 11 ஹெர்ட்ஸ்தான் தேறும். கொழுப்பு 220 ஹெர்ட்ஸ் தள்ளி இருக்கு. அப்ப எத்தன பிக்சல் நகரும்? 20. முதுகுல இருக்குற கொழுப்பு 20 பிக்சல் தாண்டி வந்து கிட்னி மேல உக்காரும், அதப் பாத்து ஒருத்தர் நோயின்னு எழுதிருவாரு. டிஃப்யூஷன்ல வளைஞ்ச கோடு மாதிரி ஒரு வெள்ள நிழல் வந்தா மொதல்ல ஃபேட் சாட்டத்தான் சந்தேகப்படணும்.

இப்ப ட்ரூஃபிஸ்ப். ஒரு கம்பெனில ஃபியஸ்டா, இன்னொன்னுல பேலன்ஸ்டு எஃப்.எஃப்.ஈ, எல்லாம் பேலன்ஸ்டு எஸ்.எஸ்.எஃப்.பிதான். இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒரு விசயம் இருக்கு. இந்த ஸ்கேன்ல டி.ஈ டி.ஆர்ல சரிபாதி, அந்த நேரத்துல சிக்னல் ஸ்பின் எக்கோ மாதிரி சேந்துக்கும், ஃபேஸ் கண்டபடி அலையாது. ஒன்னு இந்தப் பக்கம் பாக்கும், இல்ல அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் பாக்கும். எந்தப் பக்கம்ங்கிறத ஃப்ரீக்வென்சிதான் முடிவு பண்ணுது, 1 வகுத்தல் டி.ஆர் அளவுக்கு ஒருவாட்டி அது திரும்பும், திரும்புற எடத்துலதான் உங்களுக்குத் தெரிஞ்ச அந்தக் கறுப்புப் பட்டை வருது. டி.ஆர் 4.6 மில்லி செகண்ட் வச்சா அந்த அளவு 217 ஹெர்ட்ஸ். தண்ணி ஒரு பட்டைக்கு இந்தப் பக்கம், கொழுப்பு 220 ஹெர்ட்ஸ் தள்ளி அதே பட்டைக்கு அந்தப் பக்கம், ரெண்டுக்கும் குறி எதிரெதிர்! ரெண்டு எக்கோ, மூணு எக்கோன்னு எதுவும் வேணாம், ஒரே படம், ஒவ்வொரு வாக்ஸலும் கூட்டலா கழித்தலான்னு பாத்தா பிரிச்சுரலாம். 2003ல ஹார்க்ரீவ்ஸ் குழு இத எழுதிருக்காங்க, ஃபேஸ் சென்சிடிவ் எஸ்.எஸ்.எஃப்.பின்னு பேரு. ஸ்கேன் நேரம் துளிகூட அதிகமாகாது. மொதவாட்டி படிச்சப்ப ராத்திரி தூக்கம் வரல எனக்கு.

குறை ஒன்னு உண்டு, அத மறைக்கக்கூடாது. ஒரே வாக்ஸலுக்குள்ள தண்ணியும் கொழுப்பும் கலந்திருந்தா, எது அதிகமோ அதுக்கு மொத்தத்தையும் எழுதி வச்சுரும், பங்கு பிரிக்காது. அதனால மூட்டுக் குருத்தெலும்பு மாதிரி, தண்ணியும் கொழுப்பும் தனித்தனியா நிக்கிற எடத்துக்கு சரி. லிவர்ல கொழுப்பு எத்தன சதவீதம்னு கேட்டா அதுக்கு இது ஆகாது. அதுக்கு ஆறு எக்கோ எடுக்கணும், ஃப்ளிப் ஆங்கிள (பல்ஸ் சாய்க்கிற கோணம்) கம்மியா வச்சு, டி-2 ஸ்டார்னு சொல்ற சிக்னல் தேய்மானத்தையும் கழிச்சு, கொழுப்புக்கு ஒரு சிகரம் இல்ல பல சிகரம் உண்டுங்கிறதயும் கணக்குல எடுத்து பண்ணுவாங்க. சாதா ரெண்டு எக்கோவ வச்சு சதவீதம் சொல்லாதீங்க, லிவர்ல இரும்புச்சத்து ஏறியிருந்தா ரெண்டாவதா எடுக்குற இன் ஃபேஸ் படம் அதுவாவே மங்கிரும், கணக்கு தலைகீழாப் போகும்.

ஒரு சின்ன சோதனை சொல்றேன், ராத்திரி பேஷன்ட் இல்லாத நேரம் பண்ணிப் பாருங்க. ஒரு பிளாஸ்டிக் பாட்டில்ல செக்கு கடலெண்ணெய், இன்னொன்னுல தண்ணி. கடலெண்ணெய்னு குறிப்பா சொல்றேன், கொழுப்பு அளக்குற ஃபேன்டம், அதான் மெஷின சோதிக்க வைக்கிற மாதிரிப் பொருள், செய்யிறவங்களே அதத்தான் எடுப்பாங்க, அதோட ஸ்பெக்ட்ரம் மனுசக் கொழுப்புக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கு. தண்ணில சிக்னல் வர மீந்த கான்ட்ராஸ்ட் ரெண்டு சொட்டு விட்டுக்கங்க. ரெண்டையும் தள்ளித் தள்ளி வச்சு ஒருவாட்டி டிக்சன் எடுங்க. அப்பறம் ஒரே பாட்டில்ல ரெண்டையும் ஊத்தி, எண்ணெய் மேல மெதக்க விட்டு இன்னொரு வாட்டி எடுங்க. மூடி பிளாஸ்டிக்தானான்னு பாத்துக்கங்க, டேபிள்ல சிந்திறாம.

---

வெள்ளைச்சுவர்:

ரிப்போர்ட் எழுதுற பக்கத்துலேருந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன், நீங்க சொன்ன டாக்டர் நான் இல்ல, ஆனா அவங்க எடத்துல தினமும் உக்காருறவ.

வாட்டர் படம் மட்டும் வந்தா எங்களுக்கு கையக் கட்டிப்போட்ட மாதிரி. அவுட் ஃபேஸ் படம் வேணும். தண்ணியும் கொழுப்பும் சந்திக்கிற ஓரத்துல, ரெண்டும் ஒரே வாக்ஸல்ல பாதிப்பாதி வந்து ஒன்னையொன்னு அழிச்சுக்கும், அதனால அவுட் ஃபேஸ்ல கிட்னியச் சுத்தி, குடலச் சுத்தி பேனாவால வரைஞ்ச மாதிரி கறுப்புக்கோடு வரும் பாருங்க. லிவருக்குள்ள நெசமா ஒரு கொழுப்புக்கட்டி இருந்தா அதச் சுத்தியும் அந்தக் கோடு வரணும். கட்டில தண்ணியும் கொழுப்பும் கலந்திருந்தா கட்டியே அவுட் ஃபேஸ்ல மங்கணும். ஸ்வாப்னா ரெண்டும் நடக்காது, அந்தக் கத்திரிக்கோல் ஓரத்துக்கு இந்தப் பக்கமும் லிவர், அந்தப் பக்கமும் லிவர், தண்ணியும் தண்ணியும் சந்திக்கிற எடத்துல ஏது கோடு? அதோட ஃபேட் படத்துல அந்தத் துண்டுக்குள்ள கான்ட்ராஸ்ட் ஏறுன ரத்தக்குழாய் தெரியுதான்னு பாருங்க, வாட்டர் படத்துல ஓரத்தோட நின்ன குழாய் இங்க தொடர்ந்து ஓடுச்சுன்னா முடிஞ்சுது விசயம்.

அதனால நாலு சீரிஸும் அனுப்புங்கம்மா. எடம் அடைக்கும்னு உங்க சென்டர்ல சொன்னா, எங்க டாக்டர் கேக்குறாங்கன்னு சொல்லுங்க. ஃபோன்ல "ஸ்வாப் இருக்கு, ரெண்டு வாட்டி எடுத்தேன், அதே எடம்"னு ஒரு வரி சொல்லிட்டீங்கன்னா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்.

---

பள்ளத்தூர்ப்பொண்ணு:

மன்னிச்சுக்கங்க, மூணு நாளா தொடர்ந்து டூட்டி, இப்பத்தான் எழுத முடிஞ்சுது.

அன்னைக்கு ராத்திரியே ஆச்சியோட அவுட் ஃபேஸத் தெறந்தேன். கிட்னியச் சுத்தி கோடு இருக்கு, பித்தப்பைக்குப் பக்கத்துல கோடு இருக்கு, லிவர் உச்சில அந்த ஓரத்துல எதுவுமே இல்ல, லிவர் அப்படியே சீரா ஓடுது. ஃபேட் படத்துல ரத்தக்குழாய் ஒன்னு நடுவுல நல்லா வெளிச்சமா தெரியுது. வாட்டர் படத்துல அதே குழாய் வெட்டுப்பட்டு நிக்கிது, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒன்னுல விட்ட எடத்துலேருந்து இன்னொன்னு தொடருது. நாலு சீரிஸையும் அனுப்பி போன் போட்டு சொன்னேன். டாக்டர் பாத்துட்டு, சரிம்மா இது ஸ்வாப்தான், கூப்பிட வேணாம், ரிப்போர்ட்ட இன்னைக்கே முடிச்சுர்றேன்னாங்க. தேவகோட்டைக்கு நானே போன் பண்ணி ஆச்சி மகன்கிட்ட, திரும்ப வர வேண்டியதில்லன்னு சொன்னேன். பின்னாடி ஆச்சி குரல் கேட்டுச்சு, "யாரு, அந்தப் பள்ளத்தூர்ப் பிள்ளையா"ன்னு.

பாட்டில் சோதனையும் பண்ணிட்டேன். தள்ளித் தள்ளி வச்சப்ப கடலெண்ணெய் பாட்டில் வாட்டர் படத்துல வந்து நின்னுச்சு, தண்ணியோட தண்ணியா, ரெண்டுமே வெளிச்சம், ஃபேட் படம் வெறிச்சோடிப் போச்சு. ஒரே பாட்டில்ல ஊத்தி மெதக்க விட்டு எடுத்தா, மேல எண்ணெய் ஃபேட் படத்துக்குப் போச்சு, கீழ தண்ணி வாட்டர் படத்துல நிக்கிது, நடுவுல அவுட் ஃபேஸ்ல அந்தக் கறுப்புக்கோடு நூல் பிடிச்ச மாதிரி. வாத்தியாரே, நீங்க சொன்ன கை விட்டுப்போறதுன்னா என்னன்னு அப்பத்தான் கண்ணால பாத்தேன்.

ஷிம் பெட்டிய மாத்தி புது புரோட்டோக்காலா சேவ் பண்ணிட்டேன். நேத்து மூணு லிவர் எடுத்தேன், மூச்ச வெளிய விட்டுப் பிடிக்க வச்சு, 14 செகண்ட். ரெண்டு சுத்தமா வந்துச்சு. மூணாவதுல உச்சில ஒரு சின்னத் துண்டு மறுபடியும் ஸ்வாப் ஆச்சு, ஆனா இந்தவாட்டி நான் பயந்து திரும்ப எடுக்கல, நாலு சீரிஸையும் அனுப்பிட்டு எந்த ஸ்லைஸ்னு எண் போட்டு எழுதி விட்டேன்.